பண்டிதர் அயோத்திதாசர்: பௌத்தம் சமயமா, அறநெறியா?

பௌத்தம் ஒரு சமயமா, அன்றி ஓர் ஒழுக்கநெறி மட்டுமா என்னும் வினா கற்றோர் அவைகளில் நெடுங்காலமாக வழங்கி வருவது. உலகைப் படைத்தவன் ஒருவன் உளன் என்று பௌத்தம் கூறுவதில்லை. என்றும் அழியாது நிற்கும் உயிர் ஒன்று உண்டு என்பதையும் அது ஒப்புவதில்லை. கடவுளும் உயிரும் இன்றிச் சமயம் எங்ஙனம் நிற்கும் என்று ஒரு சாரார் கேட்பர். மும்மணிகளைச் சரணடைதல், சீலம் ஏற்றல், துறவியர் சங்கம், தாதுகோப வழிபாடு, அரசமர வழிபாடு, நோன்பு நாட்கள் ஆகிய யாவும் அமைந்திருக்க அதனைச் சமயம் அன்று எனல் எங்ஙனம் பொருந்தும் என்று மறுசாரார் வினவுவர். இரு சாரார் கூற்றிலும் உண்மை உண்டு. ஆதலினாலேதான் வழக்கு முடிந்தபாடில்லை.

அக்கராயன் குளத்து நீரை நம்பி நெல் விளைக்கும் எம் போன்ற வன்னி மக்களுக்கு இவ்வினா ஏட்டளவில் நிற்பதன்று. இந்நாட்டின் அரசியலமைப்பு 1972ஆம் ஆண்டிலும், பின்னர் 1978ஆம் ஆண்டிலும் பௌத்தத்திற்கு முதன்மையிடம் வகுத்தது. முல்லைத்தீவு மாவட்டத்துக் குருந்தூர்மலையிலுள்ள பழைய இடிபாடுகளைக் குறித்து எழுந்த பிணக்கு அண்மை ஆண்டுகளில் நீதிமன்றம் வரை சென்றதை யாவரும் அறிவர். இவற்றையெல்லாம் கண்டும் கேட்டும் வளரும் நம் மாணவர், பௌத்தம் என்றால் அது பிறர் உடைமை, நமக்கு அதில் யாதொரு பாத்தியமும் இல்லை என்று எண்ணுவதில் வியப்பில்லை. ஆயின் தமிழன் ஒருவன், தமிழ் நூல்களையே சான்றாகக் கொண்டு, பௌத்தம் தன் முன்னோர் சொத்து என்று உரிமை பாராட்டிய வரலாறும் ஒன்று உண்டு. அவ்வுரிமையை நாட்டியவர் பண்டிதர் அயோத்திதாசர். அவர் வாழ்வை நோக்குவார்க்கு மேற்கூறிய வினா ஒரு புதிய முகத்தோடு தோன்றும்.

பிறப்பும் கல்வியும்

1845ஆம் ஆண்டு மே மாதம் 20ஆம் நாள் சென்னை ஆயிரம் விளக்குப் பகுதியில் அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் காத்தவராயன். இளமையின் பெரும்பகுதி நீலகிரி மலைப் பகுதியிற் கழிந்தது. சாதி அடுக்கிற் கடையில் வைக்கப்பட்ட குடியினராயினும் அவர் குடும்பத்தில் ஏடும் எழுத்தும் மருத்துவமும் இருந்தன. அவர் பாட்டனார் கந்தப்பன் என்பார் ஆங்கிலத் துரை ஒருவரிடம் சமையற் பொறுப்பில் இருந்தவர். தம் வீட்டிலிருந்த திருக்குறள் ஏட்டுச்சுவடியை அத்துரை வாயிலாக எல்லிஸ் துரைக்கு அளித்தவர் தம் பாட்டனாரே என்று அயோத்திதாசர் பின்னாளில் எழுதியுள்ளார். வள்ளுவர் நூலைப் போற்றிக் காத்த வீடு, அந்நூலைப் போற்றுவோரின் கோயிலுள் நுழைய இயலாத வீடாயிற்று. அவர் வாழ்வு முழுவதையும் இயக்கிய வேதனை இதுவே எனலாம்.

அவருக்குத் தமிழும் சித்த மருத்துவமும் கற்பித்த ஆசிரியரின் பெயர் அயோத்திதாசர். ஆசிரியர்பால் கொண்ட பெருமதிப்பினால் மாணவர் தம் பெயரை விடுத்து அவர் பெயரையே ஏற்றார். தந்தை தந்த பெயரினும் ஆசான் பெயரே தமக்கு அடையாளம் என்று கொண்ட இச்செயல், பிறப்பினும் கல்வியே ஒருவனுக்குக் குலம் என்னும் கொள்கை அவருள் இளமையிலேயே வேரூன்றியிருந்ததைக் காட்டும். வடமொழியும் பாளியும் ஆங்கிலமும் அவர் பயின்றார். மருத்துவத் தொழிலில் நற்பெயர் பெற்றார். இளமையில் கைகால் முடங்கித் துன்புற்ற திரு. வி. கலியாணசுந்தரனார் இவர் மருத்துவத்தால் நலம் பெற்றார் என்பது தமிழுலகம் அறிந்த செய்தி.

சமயத் துறையில் அவர் தொடக்கம் பௌத்தம் அன்று. 1870ஆம் ஆண்டில் நீலகிரியில் அத்வைதானந்த சபை என ஒன்றை நிறுவினார். எல்லா உயிரும் ஒரே பரம்பொருள் என்னும் கொள்கையில் மேல், கீழ் என்னும் வேற்றுமைக்கு இடமில்லையன்றோ? அக்கொள்கையை உண்மையென நம்பியவர், அதனைப் போதிப்போரும் அவ்வாறே நடப்பர் என்று எதிர்பார்த்தார். பின்னர்ச் சில ஆண்டுகள் இரங்கூனில் வாழ்ந்தார். இரட்டைமலை சீனிவாசனாரின் உடன்பிறந்தாளாகிய தனலட்சுமி அம்மையாரை மணந்தார். பாதிரியார் ஜான் இரத்தினத்தோடு சேர்ந்து 1885ஆம் ஆண்டில் ‘திராவிட பாண்டியன்’ என்னும் இதழை நடத்தினார். 1891ஆம் ஆண்டில் திராவிட மகாஜன சபையை அமைத்தார். அச்சபையின் மாநாடு அவ்வாண்டு டிசம்பர் முதல் நாள் உதகமண்டலத்தில் நடைபெற்றது. கல்வி, வேலைவாய்ப்பு, நடைபாதை, நீர்நிலை முதலியவற்றில் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு உள்ள உரிமைகள் தீர்மானங்களாக வகுக்கப்பெற்று அரசினர்க்கும் தலைவர்களுக்கும் அனுப்பப்பட்டன.

மண்டபத்தில் நிகழ்ந்தது

அடுத்த ஆண்டு, அதாவது 1892ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், சென்னை விக்டோரியா நகர மண்டபத்தில் மகாஜன சபையின் கூட்டம் ஒன்று நடைபெற்றது. நீலகிரிப் பகுதியின் சார்பாளராக அயோத்திதாசர் சென்றிருந்தார். பெரும்புள்ளிகள் நிறைந்த அவையில் எழுந்து அவர் கேட்டவை அரியன அல்ல. சிவன் கோயிலும் விட்டுணு கோயிலும் எல்லா மக்களுக்கும் திறக்கப்படல் வேண்டும்; எம் பிள்ளைகளுக்கு இலவசக் கல்வி வேண்டும்; தரிசு நிலம் வேண்டும் என்பவையே அவை. கோயில் என்னும் சொல் கேட்ட அளவில் அவை சினந்து எழுந்தது. அக்கடவுளர் தம்மவர்க்கே உரியவர் என்றும், இவர் இனத்தார்க்கென மதுரைவீரன், கருப்பண்ணன் முதலிய தெய்வங்கள் உள என்றும் அவையிலிருந்து மறுமொழி வந்தது.  அவ்வாறாயின் உங்கள் கடவுளர் எங்களுக்கு வேண்டா. எம் பிள்ளைகளுக்குப் பள்ளியும் உழவர்க்கு நிலமும் தந்தாற் போதும் என்று கூறி அவர் அமர்ந்தார். கல்வியும் நிலமும் பற்றிய கோரிக்கைகளுக்கு அவை இசைந்தது. கோயிற் கதவு மூடியபடியே நின்றது.

இந்நிகழ்ச்சியே அவரைப் பௌத்தத்தின்பால் செலுத்தியது என்று பலர் எழுதுவர். அது பாதி உண்மையே. கோயில் மறுக்கப்பட்டோர் பலர் அந்நாளில் கிறித்தவம் தழுவினர். அவர் கெழுதகை நண்பருள் ஒருவர் பாதிரியார். எனினும் அவர் அவ்வழிச் செல்லவில்லை. தம் இனத்தார் வேறொருவர் வீட்டு வாயிலில் விருந்தினராய் நிற்பதை அவர் விரும்பினாரல்லர். இழந்த சொந்த வீட்டைத் தேடினார். தேடிய இடம் தமிழ் நூல்கள்.

1898

அத்தேடலுக்குக் காலமும் துணைநின்றது. நம் நாட்டுச் சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை 1881ஆம் ஆண்டில் ‘வீரசோழிய’த்தைப் பதிப்பித்திருந்தார். புத்தமித்திரனார் இயற்றிய அவ்விலக்கணம், பௌத்தப் புலவர் தமிழுக்குச் செய்த தொண்டுக்குச் சான்று. டாக்டர் உ. வே. சாமிநாதையர் ‘மணிமேகலை’யைக் குறிப்புரையுடன் வெளியிட்டது 1898ஆம் ஆண்டு. தமிழ் நிலத்தில் பௌத்தம் ஒருகால் தழைத்திருந்தது என்னும் செய்தி ஏட்டுச்சுவடியிலிருந்து அச்சேறிய அதே ஆண்டில், அப்பௌத்தத்தைத் தம் வாழ்விற் புதுக்க அயோத்திதாசர் கப்பலேறினார்.

சென்னை அடையாற்றிலிருந்த பிரம்மஞான சங்கத் தலைவர் கர்னல் ஆல்காட் அந்நாளில் ஒடுக்கப்பட்டோர் பிள்ளைகளுக்கு இலவசப் பாடசாலைகளை நடத்தி வந்தார். அவர் 1880ஆம் ஆண்டில் காலியிற் பஞ்சசீலம் ஏற்றவர். இலங்கைப் பௌத்தப் பாடசாலைகளின் வளர்ச்சிக்குக் காரணர். அயோத்திதாசரும் அவர் குழுவினரும் ஆல்காட்டை அணுகி, தம் முன்னோர் பௌத்தரே என்றும், அந்நெறிக்கு மீளத் துணை வேண்டும் என்றும் விண்ணப்பித்தனர். ஆல்காட் அவரையும், பஞ்சமர் பாடசாலை ஆசிரியராகிய கிருஷ்ணசாமி என்பாரையும் கொழும்புக்கு அழைத்து வந்தார். மாளிகாகந்தையிலுள்ள வித்தியோதயப் பிரிவெனாவில், அதன் நிறுவுநராகிய இக்கடுவை சிறீ சுமங்கல நாயக்க தேரர் முன்னிலையில் அவர்கள் பஞ்சசீலம் ஏற்றனர். சென்னை திரும்பியதும் இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கம் நிறுவப்பட்டது.

நாம் ஈண்டுச் சற்று நின்று நோக்குதல் தகும். தமிழர் இருவர்க்குச் சிங்களத் தேரர் ஒருவர் கொழும்பிற் சீலம் அளித்தார். பெற்றவர் தமிழை விட்டாரல்லர்; தமிழரல்லராய்ப் போகவுமில்லை. பௌத்தம் ஏற்றதனாலேயே தமிழை முன்னினும் உரத்துப் பேசினார். கொடுத்தவரும் மொழியை மாற்றுமாறு கேட்டதாக வரலாறு இல்லை. பௌத்தத்தையும் ஓர் இனத்தையும் ஒன்றாகப் பிணைத்த முடிச்சு, பிற்காலத்தார் இறுக்கியது என்பதற்கு 1898ஆம் ஆண்டின் அக்காட்சி போதிய சான்று.

மூவர் விடை

இனி நம் வினாவுக்கு வருவோம். ஆல்காட் 1881ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘பௌத்த வினாவிடை’ சுமங்கல தேரரின் ஒப்புதல் பெற்ற நூல். கடவுள் வழிபாடு என்னும் பொருளிற் கொண்டால் பௌத்தத்தைச் சமயம் என்பதினும் ஒழுக்கத் தத்துவம் என்பதே பொருத்தம் என்பது அதன் கருத்து. சீலம் அளித்த நெறியின் கைந்நூலே அதனைச் சமயம் எனக் கூற அன்று தயங்கியது.

சென்னையில் வாழ்ந்த மற்றொருவர் பேராசிரியர் பொ. இலட்சுமி நரசு. கிறித்தவக் கல்லூரியில் அறிவியல் கற்பித்த அவர் 1907ஆம் ஆண்டில் பௌத்தத்தின் சாரத்தை ஆங்கிலத்தில் நூலாக்கினார். பிற்காலத்திற் பொதுவுடைமைத் தலைவராய் விளங்கிய ம. சிங்காரவேலரும் அந்நாளில் அவரோடு சேர்ந்து பௌத்தம் பரப்பியவரே. அவர்களுக்குப் பௌத்தம் பகுத்தறிவின் நெறி. சடங்கும் கதையும் தெய்வமும் களைந்து, காரண காரியத்தால் நிலைபெறும் அறமாகவே அதனைக் கண்டனர். சடங்கு புகுமாயின் பழைய இருள் புதிய பெயரோடு திரும்பும் என்பது அவர்கள் அச்சம். அவ்வச்சம் அடிப்படையற்றது எனல் இயலாது.

அயோத்திதாசர் இவ்விருவரினும் வேறாகச் சென்றார். படைப்புக் கடவுளை அவரும் ஏற்றிலர். பிறப்பாற் சாதி என்பதை முற்றும் மறுத்தார். வேள்வியையும் மூடப் பழக்கத்தையும் கண்டித்தார். ஆயினும் பௌத்தம் தத்துவமாக மட்டும் நின்றுவிடல் ஆகாது என்று கொண்டார். பிள்ளைக்குப் பெயரிடுங்கால் யாரை அழைப்பது? மணவறையில் யாது ஓதுவது? பிணத்தை எவ்வாறு அடக்கம் செய்வது? பண்டிகை நாளில் எங்கே கூடுவது? கோயிலிலிருந்து துரத்தப்பட்டவன் வீட்டில் நாள்தோறும் எழும் வினாக்கள் இவை. தத்துவ நூல் இவற்றிற்கு விடை தாராது. ஆதலின் சாக்கிய பௌத்த சங்கத்தார் ஞாயிற்றுக்கிழமைதோறும் கூடி அறவுரை கேட்டனர், பஞ்சசீலம் ஓதினர், பௌத்த முறையில் மணமும் ஈமக்கடனும் செய்தனர். கோலார் தங்கவயலில் மாரிக்குப்பம், சாம்பியன் ரீப் முதலிய இடங்களிலும், பெங்களூர், திருப்பத்தூர் முதலிய ஊர்களிலும், கடல் கடந்து இரங்கூனிலும் தென்னாபிரிக்காவிலும் வாழ்ந்த தமிழ்த் தொழிலாளரிடையே இந்நெறி பரவியது. சுரங்கத்துள் இறங்கும் தொழிலாளி பகலெல்லாம் மண்ணுக்கடியில் உழைத்து, மாலையில் விகாரையில் அமர்ந்து தமிழிற் புத்தர் சரிதம் கேட்டான். அவனுக்கு அது சமயமா, தத்துவமா என்னும் ஐயம் எழுந்திராது.

இதழும் நூல்களும்

1907ஆம் ஆண்டு ஜூன் 19ஆம் நாள் இராயப்பேட்டையிலிருந்து ‘ஒரு பைசாத் தமிழன்’ என்னும் கிழமை இதழ் வெளிவந்தது. நான்கு பக்கம், விலை காலணா. ஏழையும் வாங்கத்தக்க விலையையே இதழின் பெயராக்கினார் எனலாம். ஓராண்டின் பின்னர் வாசகர் விருப்பத்திற்கிணங்கிப் பெயர் ‘தமிழன்’ எனச் சுருங்கிற்று. தாம் இறக்கும்வரை ஏறத்தாழ ஏழாண்டுகள் அவ்விதழை அவர் நடத்தினார். அரசியல், வரலாறு, மருத்துவம், இலக்கணம், உழவு ஆகிய எல்லாம் அதில் இடம்பெற்றன. ‘புத்தரது ஆதிவேதம்’ தொடராக வந்து 1912ஆம் ஆண்டில் நூலுருப் பெற்றது. பாளி நூல்களை மொழிபெயர்த்துத் தராமல், தமிழ் நூல்களையும் ஏட்டு வழக்குகளையும் சான்றாகக் கொண்டே புத்தர் வரலாற்றை அதில் அவர் எழுதினார். ‘இந்திரர் தேச சரித்திரம்’ மற்றொன்று. ஐம்பொறிகளை வென்றமையாற் புத்தர்க்கு இந்திரர் என்று பெயர் வந்தது. அவ்விந்திரர் வாழ்ந்த நாடாதலின் இந்தியா எனப்பட்டது என்பது அவர் விளக்கம்.

பண்டிகைகளையும் அவர் விட்டுவைக்கவில்லை. தீபாவளி எள்ளிலிருந்து நெய் எடுக்கும் முறையைப் பௌத்த சங்கத்தார் கண்டறிந்த நாள்; கார்த்திகை விளக்கீடு ஆமணக்கு நெய்யை விளக்குக்கு ஆக்கிய நாள்; அம்மன் என்று மக்கள் வணங்குவது வேம்பின் மருத்துவ நலத்தை உலகிற்கு உணர்த்திய அம்பிகை என்னும் பௌத்தத் துறவியையே என்றெல்லாம் எழுதினார். வள்ளுவரையும் ஔவையையும் பௌத்தராகவே கண்டு, குறளுக்கு உரை எழுதத் தொடங்கினார். அவ்வுரை முற்றுப்பெறவில்லை.

இலக்கணம் கற்ற எம்மனோர் இவற்றைப் படிக்குங்கால் பல இடங்களில் தலையசைக்க இயலாமற் போகும். அவர் காட்டும் சொற்பிறப்புகள் பல மொழிநூலுக்கு ஒவ்வாதன. பண்டிகை வரலாறுகளுக்கு அவர் தரும் சான்றுகள் வரலாற்றாசிரியர் உரைகல்லில் நில்லா. வள்ளுவரைச் சமணர் என்பாரும் சைவர் என்பாரும் உளர். பௌத்தரே என்று அறுதியிட்டுக் கூறச் சான்று போதாது. இவற்றை மறைத்துப் புகழ்தல் அவருக்குச் செய்யும் மரியாதை அன்று. ஆயின் அவர் செய்தது என்ன என்பதையும் நோக்குதல் வேண்டும். இழிந்தோர் என்று ஒதுக்கப்பட்ட மக்களைப் பார்த்து, நீங்கள் விளக்கேற்றும் நாளும், நீராடும் நாளும், வேப்பிலை கட்டும் நாளும் உங்கள் முன்னோர் அறிவின் நினைவு நாட்களே என்றார். பழைய வாழ்வைத் துறந்து புதிய சமயம் புகுக என்று அவர் கேட்கவில்லை. இருக்கும் வாழ்வுக்கே புதுப்பொருள் கண்டு தலைநிமிர்க என்றார். சொல்லாராய்ச்சி பிழைத்தது, நோக்கம் பிழைக்கவில்லை.

பெயர் குறித்த பிணக்கும் இத்தகையதே. மைத்துனர் இரட்டைமலை சீனிவாசனார் 1893ஆம் ஆண்டில் ‘பறையன்’ என்றே தம் இதழுக்குப் பெயரிட்டார். இழித்துரைக்கும் பெயரையே ஏந்தி உரிமை கேட்டல் வேண்டும் என்பது அவர் கருத்து. பகைவர் சூட்டிய பெயரை நாம் சுமத்தல் ஆகாது என்பது அயோத்திதாசர் கருத்து. குடிக்கணக்கெடுப்பு வரும்போதெல்லாம் அவர் விழித்துக்கொண்டார். 1911ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பை ஒட்டிச் சாதிப்பெயரை விடுத்துப் பௌத்தர் எனப் பதிவு செய்யுமாறு ‘தமிழன்’ வாயிலாக வற்புறுத்தினார். பௌத்தம் தத்துவம் மட்டுமே எனின் கணக்கெடுப்போர் ஏட்டில் அதற்கு இடமில்லை. சமயம் என்று ஏற்றால் மட்டுமே அது சாதிப்பெயரை அகற்றும் கருவியாகும். அவர் அதனைச் சமயம் என வற்புறுத்தியதன் நுட்பம் இதுவே.

எதிர்ப்புக்கும் குறைவில்லை. இராயப்பேட்டையில் தமிழாசிரியராய் இருந்த புலோலி நா. கதிரைவேற்பிள்ளை நம் யாழ்ப்பாணத்துச் சைவச் சான்றோர். பௌத்தப் பிரசாரத்தை மறுத்தவர். அவர் மாணவராகிய திரு. வி. க. இளமையில் ஆசிரியர் பக்கமே நின்றார். முதிர்ந்த பருவத்தில் தமிழ் நூல்களில் உள்ள பௌத்தத்தைப் போற்றி அவரே எழுதினார். தமக்கு உடல்நலம் அளித்த மருத்துவரின் கொள்கையை அவர் மனம் சிறிது பிந்தியே ஏற்றது போலும்.

மறைவும் பின்னும்

1914ஆம் ஆண்டு மே மாதம் 5ஆம் நாள் அயோத்திதாசர் மறைந்தார். ‘தமிழன்’ சிலகாலம் தள்ளாடி நின்றது. 1926ஆம் ஆண்டு முதல் கோலார் தங்கவயலில் ஜி. அப்பாதுரையார் அதனை மீண்டும் நடத்தினார். அதன்பின் நெடுங்காலம் பண்டிதர் பெயர் பொதுமக்கள் நினைவில் மங்கிக் கிடந்தது. ஞான. அலாய்சியஸ் தொகுத்த ‘அயோத்திதாசர் சிந்தனைகள்’ 1999ஆம் ஆண்டில் பாளையங்கோட்டையிலிருந்து வெளிவந்த பின்னரே அவர் எழுத்துகள் மறுவாழ்வு பெற்றன. 2005ஆம் ஆண்டில் இந்திய அரசு அவருக்கு அஞ்சல்தலை வெளியிட்டது. 2023ஆம் ஆண்டில் சென்னை கிண்டியில் மணிமண்டபம் திறக்கப்பட்டது.

அவர் தொடுத்த வினாவோ அவரோடு மறையவில்லை. 1950ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்து உலகப் பௌத்தர் மாநாட்டைக் கண்ட டாக்டர் அம்பேத்கர், 1956ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாள் நாகபுரியில் இலட்சக்கணக்கானோருடன் பௌத்தம் தழுவினார். இலட்சுமி நரசுவின் நூலை 1948ஆம் ஆண்டில் மறுபதிப்புச் செய்வித்தவரும் அவரே. அவர் மறைவுக்குப் பின் 1957ஆம் ஆண்டில் வெளிவந்த ‘புத்தரும் அவர் தம்மமும்’ என்னும் நூல், சமயம் வேறு, தம்மம் வேறு என்று பிரித்துக் கூறும். சமயம் மனிதனுக்கும் கடவுளுக்கும் இடைப்பட்டது. தம்மம் மனிதனுக்கும் மனிதனுக்கும் இடைப்பட்டது என்பது அதன் சாரம். எனினும் அவரும் மக்களைத் திரட்டிச் சரணம் சொல்லச் செய்தார். உறுதிமொழி இருபத்திரண்டினை வகுத்தார். கொள்கையால் தம்மம் என்றார். செயலாற் சமயம் ஆக்கினார். அயோத்திதாசர் சென்ற வழியும் அதுவே அன்றோ?

சட்டமும் இவ்வினாவில் தடுமாறியது. இந்திய அரசியலமைப்பின் 25ஆம் பிரிவு, கோயில்களைத் திறந்துவிடுதல் பற்றிக் கூறுமிடத்து, இந்துக்கள் என்னும் சொல்லுள் பௌத்தரையும் அடக்குகிறது. ஆயின் 1950ஆம் ஆண்டின் அட்டவணைச் சாதியினர் ஆணையோ, பௌத்தராய் மாறியவரை இந்து அல்லர் எனக் கொண்டு சலுகைகளை மறுத்தது. 1990ஆம் ஆண்டிலேயே அவ்வாணை திருத்தப்பட்டது. கோயிலுக்கு வருங்கால் இந்து, உதவித்தொகைக்கு வருங்கால் பௌத்தர் என்னும் இவ்விரட்டை நிலையால் ஏறத்தாழ ஒரு தலைமுறை மாணவர் இடர்ப்பட்டனர். பௌத்தம் சமயமா என்பது ஏட்டு வினா அன்று என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

நம் குடாநாட்டிலும் இதன் எதிரொலி கேட்டதுண்டு. 1957ஆம் ஆண்டில் சமுதாயக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்த பின்னரும் கோயில்கள் பல திறக்கப்படவில்லை. மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலில் 1968ஆம் ஆண்டில் நிகழ்ந்த போராட்டத்தை முதியோர் மறந்திரார். அக்காலப் பகுதியில் யாழ்ப்பாணத்து ஒடுக்கப்பட்டோருட் சிலர் பௌத்தம் தழுவினர். அவர்களை இனத்தை விட்டகன்றவர் என்று இகழ்ந்தோர் பலர். கதவை அடைத்தவர் யார் என்று தம்மைத் தாமே கேட்டுக்கொண்டோர் சிலரே.

முடிபு

‘மணிமேகலை’யில் ஒரு நுட்பம் உண்டு. வஞ்சி மாநகரில் அந்நங்கை சமயக் கணக்கர் பலரிடம் அவரவர் கொள்கையை வினவுவாள். சைவவாதியும் வைணவவாதியும் ஆசீவகனும் நிகண்டவாதியும் சாங்கியனும் பூதவாதியும் தத்தம் திறம் கூறுவர். அவ்வரிசையில் பௌத்தர் இல்லை. பௌத்தத்தை அறவண அடிகள் வாயிலாகப் பின்னர்த் தனியே அவள் கேட்பாள். அக்காதைக்குப் பெயர் தருமங் கேட்ட காதை. சாத்தனார் பௌத்தராதலின் தம் நெறியைப் பிறவற்றோடு ஒரு வரிசையில் நிறுத்த விரும்பவில்லை என்பது வெளிப்படை. அதற்கு மேலும் ஒன்று உண்டு. அறத்தைக் கேட்ட மணிமேகலை அதனோடு அமையாது, கையில் அமுதசுரபி ஏந்திச் சிறைக்கோட்டம் புகுந்து பசிப்பிணி தீர்த்தவள். பின்னர் நோன்பும் ஏற்றவள். கேட்கும்போது அறமாக இருந்தது, கைக்கொள்ளும்போது பாத்திரமும் நோன்பும் சங்கமும் உடைய சமயமாயிற்று.

அயோத்திதாசர் வாழ்வும் இதனையே உணர்த்துகிறது. கடவுட் கொள்கையை அளவுகோலாகக் கொண்டால் பௌத்தம் சமயம் ஆகாது. பிறப்பு முதல் இறப்பு வரை மனிதனைத் தாங்கி, அவனுக்கு ஒரு கூட்டமும் ஒரு பெயரும் ஒரு மதிப்பும் தருவதே சமயம் எனக் கொண்டால் பௌத்தம் ஐயமற்ற சமயமே. எனவே பௌத்தம் யாது என்று கேட்பதற்கு முன், கேட்பவன் யார், அவனுக்கு அடைக்கப்பட்ட கதவு எது என்று கேட்டல் வேண்டும். அரசின் கையிற் பௌத்தம் முதன்மையிடமாகிறது. அறிஞர் கையில் தத்துவமாகிறது. இராயப்பேட்டை மருத்துவர் கையில் அது ஒதுக்கப்பட்டவர்க்கு ஒரு வீடாயிற்று. கந்தரோடைத் தாதுகோபங்களும் வன்னிக் காட்டிடை இடிபாடுகளும் யாருடையன என்று வழக்காடும் இக்காலத்தில், தமிழ்ப் பௌத்தம் என ஒன்று இருந்தது என்பதையும், சாதிக் கொடுமையால் அதனை மீளத் தேடிய தமிழர் இருந்தனர் என்பதையும் நம் பிள்ளைகளுக்குக் கற்பித்தல் நம் கடன். கற்பிக்குங்கால் அவர் ஏன் தேடினார் என்பதையும் மறையாது கூறுதல் வேண்டும்.